இசையும் இசைவும்

தமிழில் இசை என்னும் சொல்லுக்குப் பொருள் பல. செவிக்கு இனிமை தரும் பண்ணும் இசை. ஒருவன் ஈட்டும் புகழும் இசை. ஒன்றற்கு உடன்படுதலும் இசைதல். அவ்வுடன்பாட்டை இசைவு என்பர். கேட்டல் என்னும் சொல்லும் அத்தகையதே. பாடலைச் செவியால் நுகர்வதும் கேட்டல். ஒருவரிடம் ஒன்றை வேண்டி நிற்பதும் கேட்டல். பாட்டைக் கேட்டவன் அதனை எடுத்தாள விரும்பினால் உரியவரிடம் கேட்க வேண்டும். அவர் இசைந்தால் எடுத்தாளலாம். எடுத்தாண்டபின் படைத்தவனின் பெயரை உலகறியச் சொல்ல வேண்டும். இவ்வளவு பெரிய நெறியை இரண்டு சொற்களுக்குள் அடக்கி வைத்திருக்கும் மொழியைக் கற்பிப்போரும் கற்போரும், மாணவர் எடுக்கும் குறும்படங்களில் புகழ்பெற்ற பாடல்கள் இடம்பெறும் வழக்கத்தைச் சற்றே நின்று எண்ணிப் பார்ப்பது நன்று.

ஒரு காலத்தில் படம் எடுப்பது பெருஞ்செல்வர்க்கே உரிய தொழிலாக இருந்தது. படச்சுருளும் படக்கருவியும் ஒளிவிளக்குகளும் வாடகைக்கு எடுக்கவே ஒரு குடும்பத்தின் சேமிப்புப் போதாது. இன்றோ சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசியே படக்கருவி. அதுவே வெட்டி ஒட்டும் கூடம். அதுவே உலகுக்குக் காட்டும் அரங்கு. பள்ளி மாணவரும் ஆசிரியர் பயிற்சி பெறுவோரும் பத்து நிமிடப் படத்தை ஒரு வார விடுமுறையில் எடுத்து முடிக்கின்றனர். மொழி வளர்ச்சிக்கு இது நல்ல வழி என்பதில் ஐயமில்லை. கட்டுரை எழுதத் தயங்கும் மாணவனும் படத்துக்கு உரையாடல் எழுத முன்வருகிறான்.

ஆயின், படம் முடிந்ததும் அதற்கு உயிர் போதவில்லை என்று தோன்றுகிறது. தாய் பிரியும் காட்சியில் ஒரு பழைய திரைப்பாடலை ஓடவிட்டால் பார்ப்போர் கண் கலங்குவர் என்பது மாணவர் அறிந்ததே. அவர்கள் எண்ணம் பிழையன்று. புகழ்பெற்ற பாடல் ஒன்று ஒலிக்கும்போது, பார்ப்பவர் தம் வாழ்க்கையின் ஒரு துண்டையும் உடன் சேர்த்தே கேட்கிறார். பாட்டி சமைத்தபோது ஒலித்த வானொலியும், திருமண வீட்டின் ஒலிபெருக்கியும், இரவுப் பேருந்தின் ஒலிநாடாவும் அந்த ஒரு மெட்டில் அடங்கிக் கிடக்கின்றன. படைப்பாளி பல காட்சிகளால் சொல்ல வேண்டியதைப் பாடல் ஒரு நொடியில் சொல்லிவிடுகிறது. அவ்வாற்றலை அப்பாடலுக்குத் தந்தவர் வேறு சிலர் என்பதே இங்குச் சிக்கல்.

இச்சிக்கலின் ஆழத்தை அறிய அமெரிக்க நாட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சி உதவும். சார்லஸ் பர்னெட் என்பவர் 1944இல் மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்து, லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் கறுப்பின மக்கள் வாழும் வாட்ஸ் என்னும் பகுதியில் வளர்ந்தவர். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் திரைப்படக் கலை பயின்ற அவர், முதுகலைப் பட்டத்துக்குரிய ஆய்வேடாகவே ஒரு படம் எடுத்தார். ‘கில்லர் ஆஃப் ஷீப்’ என்பது அதன் பெயர். ஆடடிக்கும் கூடத்தில் வேலை செய்யும் ஓர் ஏழைத் தந்தையின் களைப்பே அதன் கதை. வார இறுதி நாள்களில், தெரிந்தவர்களையும் தெருச் சிறுவர்களையும் நடிக்க வைத்து, 10,000 டாலருக்கும் குறைந்த செலவில், கறுப்பு வெள்ளையில் அப்படம் உருவாயிற்று. 1977இல் அது நிறைவுற்றது.

அப்படத்தில் பர்னெட் பல பாடல்களைச் சேர்த்தார். அம்மக்கள் கடந்துவந்த காலத்தின் வரலாற்றைப் பாடல்களாலேயே சொல்ல வேண்டும் என்பது அவர் நோக்கம். பால் ரோப்சன், டைனா வாஷிங்டன் முதலியோரின் குரல்கள் காட்சிகளோடு பின்னிப் பிணைந்தன. கணவனும் மனைவியும் ஒரு பாட்டுக்கு ஏற்ப மெல்ல ஆடி, இறுதியில் கணவன் விலகிச் செல்லும் காட்சி, பார்த்தவர் நெஞ்சில் நிலைத்து நிற்பது. பல்கலைக்கழகத்துக்குக் காட்டும் படம்தானே என்பதால் பாடல்களுக்கு உரிமை பெறப்படவில்லை.

படம் புகழ் பெற்றது. 1981இல் பெர்லின் திரைப்பட விழாவில் திறனாய்வாளர் பரிசு கிடைத்தது. 1990இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் அது இடம்பெற்றது. நாட்டின் செல்வம் என்று அரசே ஏற்றுக்கொண்ட அப்படத்தை அந்நாட்டு மக்கள் திரையரங்குக்குச் சென்று பார்க்க முடியவில்லை. காரணம், பாடல்களுக்கு உரிமை இல்லை. பல்கலைக்கழகக் காப்பகம் படச்சுருளைச் செப்பனிட்டது. வெளியீட்டாளர் ஒவ்வொரு பாடலுக்கும் உரியவரைத் தேடிச் சென்றனர். உரிமைகளைப் பெற ஏறத்தாழ 1,50,000 டாலர் செலவாயிற்று. படம் எடுக்கச் செலவான தொகையைப் போல் பதினைந்து மடங்குக்கும் மேல்! 2007இல்தான் படம் திரையரங்குகளுக்கு வந்தது. முப்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. அப்போதும் ஒரு பாடலுக்கு மட்டும் உரிமை கிட்டவில்லை. அதன் இடத்தில் வேறொரு பாடலை வைத்தே படம் வெளிவந்தது. கிட்டாமற்போன பாடலின் பெயர் ‘அன்ஃபர்கெட்டபிள்’. மறக்க முடியாதது என்பது அதன் பொருள்.

பர்னெட்டின் படத்துக்காவது காத்திருப்புக்குப் பின் விடிவு கிடைத்தது. அது கிடைக்காத படமும் உண்டு. டாட் ஹெய்ன்ஸ் என்னும் இயக்குநர், பார்டு கல்லூரியில் முதுகலை பயின்ற காலத்தில், ‘சூப்பர்ஸ்டார்’ என்னும் 43 நிமிடப் படம் ஒன்றை உருவாக்கினார். உணவை மறுக்கும் நோயால் உடல் நலிந்து 1983இல் மறைந்த பாடகி கேரன் கார்ப்பென்டரின் வாழ்க்கையை, நடிகர்களுக்கு மாறாகப் பார்பி பொம்மைகளைக் கொண்டு சொன்ன படம் அது. 1987இல் வெளிவந்தது. அப்பாடகியின் பாடல்கள் இசைவு பெறாமலே அதில் இடம்பெற்றன. உடன்பிறந்தவரும் இசைத்துணைவருமான ரிச்சர்டு கார்ப்பென்டர் வழக்குத் தொடர்ந்தார். 1990இல் படம் காட்சியிலிருந்து விலக்கப்பட்டது. அறிஞர் பலர் பாராட்டிய அப்படம் அதன்பின் முறையாக வெளியிடப்படவில்லை.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒருங்கே வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். இசைவு என்பது வெறும் பணத்தைப் பற்றியதன்று. முதல் நிகழ்ச்சியில் பணமும் தேடலும் சேர்ந்து பூட்டைத் திறந்தன. இரண்டாவதில், தங்கையை இழந்த ஓர் அண்ணன் நின்றார். அவளுடைய நோயையும் தம் குடும்பத்தையும் பொம்மைகளாக்கிக் காட்டிய படத்துக்கு அவளுடைய குரலையே துணைக்கழைத்ததை அவரால் ஏற்க முடியவில்லை. படம் கலைச்சிறப்பு உடையது என்பதும் உண்மை; அவர் இசைய மறுத்ததற்கு அவருக்கு உரிமை இருந்தது என்பதும் உண்மை. இரண்டு உண்மைகளும் ஒன்றோடொன்று மோதும்போது வெற்றி தோல்வி காண்பது எளிதன்று.

ஒரு பாடலுக்கு இசைவு பெறுவது ஏன் இவ்வளவு கடினம்? ஒரே வீட்டுக்கு இரண்டு மூன்று பூட்டுகள் இருப்பதே காரணம். பாடலின் சொல் கவிஞருடையது. மெட்டு இசையமைப்பாளருடையது. இவ்விரண்டையும் படத்தின் காட்சியோடு இணைப்பதற்கு ஓர் இசைவு வேண்டும். அப்பாடலை ஒரு குறிப்பிட்ட பாடகர் பாட, ஒரு நிறுவனம் ஒலிப்பதிவு செய்தது. அந்த ஒலிப்பதிவு தனிச்சொத்து. அதனைப் பயன்படுத்த மற்றோர் இசைவு வேண்டும். மாணவன் தானே அப்பாடலைப் பாடிப் பதிவு செய்தால் இரண்டாம் பூட்டு விலகும், முதற்பூட்டு விலகாது. இவ்வேறுபாட்டை உணராமையாலேயே, ‘நாங்களே பாடினோம், பிறகு யாரைக் கேட்பது?’ என்று பலர் வினவுகின்றனர்.

தமிழ்த் திரைப்பாடலில் சிக்கல் இன்னும் ஒரு படி கூடுகிறது. பாடல் படத்துக்காகப் பிறந்தது. படத்துக்குத் தயாரிப்பாளர் உண்டு. அவர் ஒலிப்பதிவு உரிமையை இசைத்தட்டு நிறுவனத்துக்கு விற்றிருப்பார். அந்நிறுவனம் மற்றொன்றுக்குக் கைமாற்றியிருக்கும். இந்தியாவின் பதிப்புரிமைச் சட்டம் 1957இல் இயற்றப்பட்டது. திரைப்படத்துக்கென்று கூலி பெற்று ஆக்கப்பட்ட பாடலின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லையேல், தயாரிப்பாளரையே சாரும் என்னும் கருத்தில் இந்திய உச்ச நீதிமன்றம் 1977இல் தீர்ப்பளித்தது. பாட்டை ஆக்கியவர்கள் பல்லாண்டு அதன் பயனை இழந்து நின்றனர். 2012இல் சட்டம் திருத்தப்பட்டது. திரையரங்கில் படத்தோடு காட்டப்படுவது தவிர்த்த பிற பயன்பாடுகளில் கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும் பங்குத்தொகை பெறும் உரிமை உறுதியாயிற்று.

யாரைக் கேட்பது என்பதில் தொழில்முறைப் படைப்பாளரும் இடறுவதுண்டு. 2024இல் வெளிவந்த ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ என்னும் மலையாளப் படத்தில், 1991இல் வந்த ‘குணா’ படத்தின் பாடல் ஒன்று இடம்பெற்றது. அப்பாடலுக்கு இசையமைத்த இளையராஜாவின் சார்பில் வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பப்பட்டது. படத்தயாரிப்பாளர் தரப்போ, உரிமை வைத்திருப்பவர்களிடம் இசைவு பெற்றே பயன்படுத்தியதாகக் கூறியது. வழக்கறிஞரும் கணக்கரும் உடைய நிறுவனங்களுக்கே இந்நிலை என்றால், கைப்பேசியும் ஆர்வமும் மட்டுமே உடைய மாணவன் திகைப்பதில் வியப்பில்லை.

ஒரு பாட்டு யாருக்குச் சொந்தம் என்னும் வினாவைத் தமிழ்நாடு முன்பே ஒருமுறை பெரிய அளவில் எதிர்கொண்டது. 1948இல் டி.கே.எஸ். சகோதரர்களின் ‘பில்ஹணன்’ திரைப்படத்தில் பாரதியார் பாடல் ஒன்று இடம்பெற்றது. பாரதி பாடல்களை இசைத்தட்டிலும் திரையிலும் பயன்படுத்தும் உரிமையை விலைகொடுத்து வாங்கியிருந்த ஏவி. மெய்யப்பன் அதற்குத் தடை எழுப்பினார். தி.க. சண்முகம் பணிய மறுத்தார். பாரதி மக்களின் சொத்து என்னும் குரல் எழுத்தாளரிடையே ஓங்கியது. 1949இல் சென்னை மாகாண அரசு பாரதியின் உரிமைகளைத் தன்வயமாக்கிப் பின்னர் மக்களுக்கே பொதுவாக்கியது. மெய்யப்பனும் தம்மிடம் இருந்த உரிமையை விலை பெறாமல் விட்டுக்கொடுத்தார். உலகில் ஒரு கவிஞனின் படைப்புக்கு இத்தகைய பேறு வாய்ப்பது அரிது. இன்று எந்த மாணவனும் பாரதியின் சொல்லை எடுத்துத் தன் மெட்டில் பாடித் தன் படத்தில் வைக்கலாம். எவரையும் கேட்க வேண்டியதில்லை. ஆயின் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். பாரதியின் சொல் பொதுவானதால், பிறர் அதற்கு அமைத்த மெட்டும் அவர்கள் செய்த ஒலிப்பதிவும் பொதுவாகிவிடா.

மலேசிய நாட்டின் சட்டமும் அறியத்தக்கது. 1987ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டமே இங்கு நடைமுறையில் உள்ளது. இலக்கியம், இசை ஆகியவற்றை ஆக்கியோன் வாழ்நாள் முழுவதும், அவர் மறைந்தபின் 50 ஆண்டுகளும் உரிமை நீடிக்கும். இந்தியாவில் இது மறைவுக்குப்பின் 60 ஆண்டு. சிங்கப்பூரில் 70 ஆண்டு. மலேசியா 1990இல் பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்தது. இந்தியாவும் அதன் உறுப்பு நாடு. எனவே சென்னையில் பிறந்த பாட்டுக்குக் கோலாலம்பூரிலும் காப்பு உண்டு. கடல் கடந்து வந்ததால் பாட்டு அநாதையாகிவிடுவதில்லை.

அதே சட்டம் ஆசிரியருக்கு இரக்கமும் காட்டுகிறது. கற்பித்தலுக்கு எடுத்துக்காட்டாக, நியாயமான அளவில், மூலத்தையும் ஆக்கியோன் பெயரையும் குறிப்பிட்டுப் பிறர் படைப்பைப் பயன்படுத்த அதில் இடமுண்டு. வகுப்பறையில் ஒரு பாட்டை ஒலிக்கவிட்டு அணிநயம் விளக்கும் ஆசிரியர் அஞ்ச வேண்டியதில்லை. சிங்கப்பூரில் 2021இல் இயற்றப்பட்ட புதிய சட்டமும் கல்விக்கெனச் சில விலக்குகளை வைத்துள்ளது. இவ்விலக்குகள் வகுப்பறையின் தேவைக்காகவே அமைந்தவை. படம் வகுப்பறையை விட்டு வெளியேறிப் போட்டிக்கும் பொதுமேடைக்கும் இணையத்துக்கும் செல்லும்போது அவை உடன்வரும் என்று நம்பிவிடக் கூடாது. யூடியூப் நிறுவனம் 2007 முதல், ஏற்றப்படும் காணொளிகளில் உள்ள பாடல்களைத் தானே கண்டறியும் பொறியமைப்பை வைத்துள்ளது. உரிமையாளர் விரும்பினால் படம் தடைபடும்; அல்லது அதனால் வரும் விளம்பர வருவாய் அவரைச் சேரும். ‘யாருக்குத் தெரியப்போகிறது?’ என்னும் பழைய ஆறுதலுக்கு அங்கு இடமில்லை.

இன்னொரு தவறான நம்பிக்கையும் உண்டு. மண்டபத்தில் பாடல் ஒலிபரப்புவதற்கு உரிமம் பெற்றிருக்கிறோம், ஆகவே படத்திலும் பயன்படுத்தலாம் என்பர் சிலர். மலேசியாவில் 1989இல் தோன்றிய எம்.ஏ.சி.பி., சிங்கப்பூரில் 1987இல் தோன்றிய காம்பஸ் போன்ற படைப்பாளர் சங்கங்கள் பெரும்பாலும் பொதுவிடத்தில் பாடுவதற்கும் ஒலிபரப்புவதற்கும் உரிய உரிமத்தை வழங்குகின்றன. பாட்டைப் படத்தோடு பிணைக்கும் உரிமை வேறு. எனினும் உரியவர் யார் என்று அறிவதற்கு இத்தகைய சங்கங்களை அணுகுவது நல்ல தொடக்கம்.

சட்டம் சொல்லுவது ஒருபுறம் இருக்க, மாணவர் மனத்தில் இது எவ்வாறு பதியும் என்பதே ஆசிரியரின் கவலை. மலேசியாவில் ஆசிரியர் பயிற்சி பெற்றுவந்த நால்வர் ஒரு குறும்படம் எடுத்தனர். பால்மரம் வெட்டி வாழ்ந்து, தோட்டம் செம்பனைக்கு மாறியபின் நகரத்து மலிவுவிலை அடுக்ககத்துக்குக் குடிபெயர்ந்த ஒரு மூதாட்டியைப் பற்றிய படம். அம்மூதாட்டி மாடியிலிருந்து கீழே பார்த்துக்கொண்டு நிற்கும் இறுதிக் காட்சியில், ஒரு பழைய திரைப்பாடலை அவர்கள் முழுமையாக ஓடவிட்டிருந்தனர். படத்தைப் பார்த்த விரிவுரையாளர் பாராட்டிவிட்டு, “இந்தப் பாட்டு யாருடையது?” என்று வினவினார்.

“யூடியூப்பிலிருந்து எடுத்தோம், ஐயா.”

“அது எங்கே கிடைத்தது என்பதற்கு விடை. யாருடையது என்பதற்கு விடை அன்று.”

போட்டிக்குப் படத்தை அனுப்ப மூன்று வாரமே இருந்தது. நால்வரும் தேடத் தொடங்கினர். கவிஞரும் இசையமைப்பாளரும் மறைந்துவிட்டனர். படத்தைத் தயாரித்த நிறுவனம் இப்போது இல்லை. ஒலிப்பதிவு இருவர் கைமாறியிருந்தது. இரண்டு இடங்களுக்கு மடல் எழுதினர். ஓரிடத்திலிருந்து மறுமொழியே இல்லை. மற்றோரிடத்திலிருந்து வந்த மறுமொழி பண்பாகவே இருந்தது. ஆனால் அதில் குறித்திருந்த தொகை, படம் எடுத்த கைப்பேசியின் விலையைவிடக் கூடுதல்.

“போட்டுவிடுவோம். போட்டி நடத்துபவர்கள் எங்கே போய் விசாரிக்கப் போகிறார்கள்?” என்றான் ஒருவன்.

“அடுத்த ஆண்டு நீ நன்னெறிக் கல்வி கற்பிக்கப் போகிறாய். மறந்துவிடாதே” என்றாள் மற்றொருத்தி.

அதன்பின் அவ்விவாதம் தொடரவில்லை. அவர்கள் மீண்டும் அம்மூதாட்டியின் வீட்டுக்குச் சென்றனர். லயத்து வீட்டில் இருந்த காலத்தில் என்ன பாடுவீர்கள் என்று கேட்டனர். முதலில் வெட்கப்பட்டவர், பின்னர் ஒரு தாலாட்டைப் பாடினார். அவருடைய தாய் பாடியது. விடியற்காலையில் பெரட்டுக்குப் புறப்படும் முன் பிள்ளையைத் தூங்க வைக்கப் பாடியதாகையால், அதில் வாளியும் மங்கும் மழையும் வந்தன. நால்வரும் பதிவு செய்துகொண்டு விடைபெற்றனர். வாயிலில் செருப்பை மாட்டும்போதுதான் ஒருத்தி திரும்பி, “பாட்டி, இந்தப் பாட்டைப் படத்துல போட்டுக்கலாமா?” என்று கேட்டாள்.

மூதாட்டி சிரித்தார். “என்னைய படம் புடிச்சப்ப யாரும் கேக்கலியே, கண்ணு?”

நால்வரும் பேச்சற்று நின்றனர். சென்னையில் இருக்கும் முகம் தெரியாத நிறுவனத்துக்கு இரண்டு மடல் எழுதியவர்கள், கண்ணெதிரே அமர்ந்து தேநீர் கொடுத்தவரிடம் அவருடைய முகத்துக்கு இசைவு கேட்கவில்லை. அவர் சினக்கவில்லை. “போட்டுக்குங்க. எம்பேரு வேணாம். எங்கம்மா பாட்டுன்னு போடுங்க” என்றார்.

அவ்வாறே படத்தின் முடிவில் அத்தாயின் பெயர் இடம்பெற்றது. போட்டியில் பரிசு கிடைக்கவில்லை. படத்தை மூதாட்டிக்குக் காட்டியபோது, எழுத்தறியாத அவர், “எங்கம்மா பேரு எங்க வருது?” என்று கேட்டார். அவ்விடத்தில் படத்தை நிறுத்திப் படித்துக் காட்டினர். இன்னொரு முறை படிக்கச் சொன்னார். தோட்டத்துக் கணக்குப் புத்தகத்தைத் தவிர வேறெங்கும் எழுதப்படாத பெயர் அது.

இந்நிகழ்ச்சியில் உள்ள பாடம் திரைப்பாடலை வெறுக்கச் சொல்வதன்று. கேட்கும் பழக்கம் வேண்டும் என்பதே. அப்பழக்கம் பாட்டோடு தொடங்கி, படத்தில் தோன்றும் முகத்துக்கும் வீட்டுக்கும் ஒளிப்படத்துக்கும் விரியும்.

ஆகவே ஆசிரியர் தம் மாணவருக்குக் கற்பிக்கத்தக்க செயல்முறை சில உண்டு. முதலாவது, கதை எழுதும்போதே பாட்டைப் பற்றி எண்ண வேண்டும். படத்தை வெட்டி ஒட்டி முடித்தபின் பாட்டுக்கு இசைவு கேட்பவன், மணமேடை ஏறியபின் பெண் கேட்பவனை ஒப்பான். பாட்டின் தாளத்துக்கேற்பக் காட்சியை வெட்டிவிட்டால், பாட்டு மறுக்கப்படும்போது காட்சியும் சிதையும்.

இரண்டாவது, மடல் எழுதும் கலை. தமிழ்ப் பாடநூலில் உள்ள அலுவல் கடிதத்துக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை. பாடலின் பெயர், அது இடம்பெற்ற படம், ஆண்டு, கவிஞர், இசையமைப்பாளர், பாடியவர் ஆகிய விவரங்கள் பிழையின்றி இருக்க வேண்டும். எடுக்கும் படத்தின் பெயர், நீளம், கதைச்சுருக்கம், பாடல் எத்தனை விநாடி எக்காட்சியில் ஒலிக்கும், படம் எங்கெங்குக் காட்டப்படும், எத்தனை ஆண்டுகளுக்கு, பணம் திரட்டப்படுமா என்பவற்றை ஒளிக்காமல் எழுத வேண்டும். மாணவர் படைப்பு என்பதைச் சொல்ல வேண்டும். ஆனால் அதனைக் கெஞ்சுதலாக்கக் கூடாது. விழாக்களில் மட்டும் காட்டுவதற்கென்று குறைந்த கட்டணத்தில் உரிமம் தரும் வழக்கம் மேலைநாடுகளில் உண்டு, அதனையும் கேட்கலாம். வரும் இசைவு எழுத்தில் இருக்க வேண்டும். தொலைபேசியில் சொன்ன ‘சரி’ ஆண்டுகள் கடந்தால் யார் நினைவிலும் இராது.

மூன்றாவது, மௌனம் சம்மதம் என்னும் பழமொழி இங்குச் செல்லாது. மறுமொழி வராத மடல், இசைவு கிட்டாத மடலே.

நான்காவது, மாற்று வழிகள். வழிவழியாக வந்த நாட்டுப்புறப் பாடல்கள் உள்ளன. ஆக்கியோனே முன்வந்து, இன்ன நிபந்தனையோடு எவரும் பயன்படுத்தலாம் என்று அறிவிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் 2002 முதல் வழக்கில் உள்ளன. அவற்றின் கீழ் வெளியிடப்பட்ட இசை ஏராளம். பள்ளியிலேயே புல்லாங்குழல் ஊதும் மாணவன் ஒருவன் இருப்பான். அவனைக் கொண்டு புது மெட்டு அமைக்கச் செய்தால், ஒரு படத்தில் இரண்டு கலைஞர்கள் பிறப்பர். அவனிடமும் எழுத்தில் இசைவு பெறுவது முறை.

இதற்கு மறுப்பாகச் சிலர் கூறுவதும் சிந்திக்கத்தக்கதே. கோடிக்கணக்கில் ஈட்டும் நிறுவனத்துக்கு ஒரு மாணவனின் பத்து நிமிடப் படத்தால் என்ன இழப்பு என்பது அவர் வினா. அவ்வினாவில் நியாயம் உண்டு. பர்னெட்டின் படத்தை முப்பதாண்டு பூட்டி வைத்ததால் எந்தப் பாடகருக்கும் எந்தப் பயனும் விளையவில்லை. ஏழை மாணவனுக்கு எளிய வழியில், சிறு கட்டணத்தில், விரைவாக இசைவு தரும் ஏற்பாட்டை இசை நிறுவனங்கள் செய்யுமாயின், அது அவற்றுக்கே பெருமை. எழுத்தாளர் சங்கங்களும் ஆசிரியர் அமைப்புகளும் அதற்காகக் குரல் எழுப்பலாம். ஆனால் கதவு தட்டியும் திறக்கவில்லை என்பதால் சன்னல் வழியே நுழைவது வேறு. கதவைத் தட்டுவதற்கே மனமில்லாமல் நுழைவது வேறு. இன்று பெரும்பாலும் நடப்பது இரண்டாவதே.

நிறுவனத்தின் பின்னால் ஒரு மனிதன் இருக்கிறான் என்பதையும் மறக்கலாகாது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழ்ப் பாட்டு எழுதி, இசையமைத்து, கைப்பொருளைச் செலவழித்து வெளியிடும் இளைஞர் பலர் உள்ளனர். அவர்தம் பாட்டை ஒரு பள்ளி கேட்டு வாங்கிப் பயன்படுத்தினால், அம்மடலே அவர்க்கு ஒரு விருது. பலர் பணமே கேட்கமாட்டார்.

வள்ளுவர் இரவு என்று ஓர் அதிகாரமும், அடுத்தே இரவச்சம் என்று ஓர் அதிகாரமும் வைத்தார். கேட்கத் தகுந்தவரைக் கண்டால் கேட்கலாம் என்பதும், கேட்டு வாழும் இழிவுக்கு அஞ்ச வேண்டும் என்பதும் அடுத்தடுத்து நிற்கின்றன. மாணவருக்கு இசைவு கேட்கக் கூச்சமாக இருப்பது இயல்பே. அக்கூச்சத்தைப் போக்குவது ஆசிரியர் கடன். ஒருவரிடம் சென்று, ‘உங்கள் படைப்பு எனக்குத் தேவைப்படுகிறது’ என்று சொல்வது இரத்தல் அன்று. படைத்தவனைப் படைத்தவன் என்று ஒப்புக்கொள்ளும் மதிப்பு அது. வெஃகாமை என்றும் கள்ளாமை என்றும் அதிகாரங்களை மனப்பாடம் செய்யும் மாணவனுக்கு, அவ்வறங்கள் உயிர்பெறும் இடம் இதுவே.

இனி ஒரு மாணவன் தன் படத்தைக் கொண்டுவந்து காட்டும்போது, ஆசிரியர் ஒளியமைப்பையும் நடிப்பையும் உச்சரிப்பையும் பார்க்கட்டும்; குறை நிறை கூறட்டும். அதன்பின், பாட்டு ஒலிக்கும் இடத்தில் படத்தை நிறுத்தி, “இது யாருடையது? கேட்டாயா?” என்று வினவட்டும். கேட்டேன் என்று மாணவன் சொன்னால், எந்தப் பொருளில் சொன்னான் என்பதையும் வினவட்டும்.